மண்சரிவுக்குத் தனிக் காசாம்!

இன்னிக்கு பூஜை, உபயம் பத்தி எழுதல. காடி இன்சூரன்ஸ் பத்தி எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கும் பத்துமலைக்கும் நம்ம பாட்டிமாரை ஏத்திக்கிட்டுப் போறது நம்ம காடியிலதானே. அப்ப இதுவும் கோவில் விசயம்தான்.

போன மழைக்காலத்துல ஒரு ராத்திரி, அன்னதானப் பாத்திரமெல்லாம் கழுவி வச்சிட்டு வெளிய வந்து பார்த்தா, மேட்டோரமா நிறுத்தியிருந்த என் மைவி மேல மண்ணு சரிஞ்சு கிடக்கு. முன்பக்கம் நசுங்கிப் போச்சு, இஞ்சின் வரைக்கும் சேறு. யாருக்கும் அடிபடல, முருகன் புண்ணியம். நம்மகிட்ட கம்பிரஹென்சிவ் பாலிசி இருக்கே, பல வருசமா ஒரு கிளைமும் பண்ணலையே, என்.சி.டி. 55 சதவீதம் இருக்கேன்னு தைரியமாப் போலீஸ் ரிப்போர்ட் எடுத்து அனுப்புனேன். ரெண்டு வாரம் கழிச்சுப் பதில் வந்துச்சு: "மண்சரிவு உங்கள் பாலிசியில் இல்லை."

நான் ஏஜண்டுக்குப் போன் போட்டேன். "அண்ணே, அது ஸ்பெஷல் பெரில்ஸ், தனியா எடுக்கணும். நீங்க கேக்கலையே"ன்னாரு. எவ்வளவு தம்பின்னு கேட்டா, காடி மதிப்புல 0.5 சதவீதமாம். என் காடிக்கு 22,000 வெள்ளி மதிப்பு போட்டிருந்துச்சு, 110 வெள்ளி கட்டியிருந்தாப் போதும். அதுக்குப் பதிலா வெர்க்ஷாப்புல 6,800 வெள்ளி கட்டுனேன்.

என் தப்பும் இருக்கு, மறைக்கல. வருசா வருசம் வாட்ஸ்அப்புல "சரி தம்பி, ரின்யூ பண்ணிடு"ன்னு ரெண்டு வார்த்தைதான். தாளைப் படிச்சதே இல்ல.

ஆனா ஒன்னு கேக்குறேன். கம்பிரஹென்சிவ்னா எல்லாம் அடங்குனதுன்னுதானே அர்த்தம்? வெள்ளம், மண்சரிவு, புயல் மூணும் அதுல கிடையாது. கேமரன் மலையில வேற எதுக்குத்தான் நாம பயப்படுறோம்? 2013 அக்டோபர் 23 அதிகாலையில சுல்தான் அபு பாக்கார் அணையைத் திறந்துவிட்டு பெர்த்தாம் வேலியில வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீங்க. உயிர் போச்சு, வீடு போச்சு, காடியெல்லாம் ஒன்னு மேல ஒன்னு சேத்துல கிடந்துச்சு. எங்க ஃபேக்டரியில ரோலிங் மிஷினுக்குக் கவசம் வேணுமான்னு தொழிலாளியை நான் கேக்குறதில்ல. மாட்டிட்டுத்தான் ஓட்டச் சொல்லுவேன். இதுவும் அப்படித்தான் இருக்கணும். வேணாங்கிறவர் வேணாம்னு கையெழுத்து போட்டு எடுத்துக்கட்டும்.

"அப்படிச் செஞ்சா எல்லாருக்கும் விலை ஏறிடும், கீழ டவுன்ல இருக்கிறவனுக்கு எதுக்கு மண்சரிவு"ன்னு ஒரு நண்பர் சொன்னாரு. 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவுல காடிங்க கூரை வரைக்கும் முங்குனதே, அது டவுன் இல்லையா? 2017 ஜூலை 1-லேர்ந்து கம்பிரஹென்சிவ் பிரிமியத்தைக் கம்பெனிங்களே ஆபத்தைப் பார்த்து முடிவு பண்ணலாம்னு பேங்க் நெகாரா விட்டுருச்சு. விலை வைக்கிறப்ப நம்ம ஆபத்தைக் கணக்குப் பண்ணத் தெரியுது. பாலிசி விக்கிறப்ப, "ஐயா, நீங்க மலையில இருக்கீங்க, இது வேணுமே"ன்னு ஒரு வார்த்தை சொல்ல மட்டும் தெரியலையா?

இன்னொன்னு, இது நம்ம கோவிலுக்கு ரொம்ப முக்கியம். சொந்தக் காடியில ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போறோம். தாப்பா ரோட்டு வளைவுல ஏதாச்சும் ஆகி, அடிபட்டவங்க நம்ம மேல கேஸ் போட்டா, அதுக்கும் பயணிகள் பொறுப்புன்னு தனியா ஒரு கவர் எடுத்திருக்கணும். என் பாலிசியில அதுவும் இல்லாமத்தான் இத்தனை வருசம் கல்லுமலைக்கு ஓட்டியிருக்கேன்! நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

பழைய காடி வச்சிருக்கிறவங்களுக்கும் ஒரு விசயம். அஞ்சு வருசம் ஆன காடிக்குக் கிளைம்ல புது ஸ்பேர்பார்ட் போட்டா, அந்த விலையில 15 சதவீதம் நம்ம பாக்கெட்லேர்ந்து போகலாம், பத்து வருசம்னா 40 வரைக்கும். இதையும் வாங்குறப்பவே கேட்டு வச்சுக்குங்க.

வர்ற வெள்ளிக்கிழமை சாயங்கால பூஜை முடிஞ்சதும் அன்னதான மண்டபத்துல நான் இருப்பேன். உங்க பாலிசித் தாளைக் கொண்டு வாங்க, சேர்ந்து உக்காந்து படிப்போம். நான் ஏஜண்டு இல்ல, எனக்கு கமிஷனும் இல்ல. தைப்பூசத்துக்குக் காடி எடுக்கப் பேர் கொடுத்த தம்பிங்க கட்டாயம் வரணும். கண்ணாடியை மறந்துடாதீங்க, எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு.