விளம்பர வீடியோவும் பழைய விலையும்

ஏ4 வீதியில் ஹல்துமுல்லையைக் கடந்து செல்லும் வாகனங்களில் வருவோர் இப்போது கடைப் பலகையை விடக் கையடக்கத் தொலைபேசியைத்தான் அதிகம் பார்க்கின்றனர். எமது வியாபாரிகளும் வீடியோ விளம்பரத்துக்கு வந்தேயாக வேண்டும்.

இதற்காக ஒவ்வொரு முறையும் ஸ்டூடியோவுக்குச் செல்லத் தேவையில்லை. கெப்கட், கென்வா போன்றவற்றில் டெம்ப்ளேட் எனும் ஆயத்த வார்ப்புகள் உள்ளன. படமும் எழுத்தும் எந்த இடத்தில், எத்தனை வினாடி வர வேண்டுமென்பது அதில் முன்கூட்டியே அமைந்திருக்கும். இடியப்ப உரல் போலத்தான். மாவை மட்டும் நாம் போட வேண்டும். பொருள், விலை, திகதி என அட்டவணை எழுதிக் கொடுத்தால், வரிக்கொரு வீடியோ செய்து தரும் மென்பொருள்களும் உண்டு.

2021 தீபாவளிக்கு இந்தியாவில் கெட்பரி நிறுவனம் இதையே பெரிய அளவில் செய்தது. சிறு கடைக்காரர் தன் கடைப் பெயரைக் கொடுத்தால், நடிகர் ஷாருக்கான் அப்பெயரைச் சொல்லி அழைப்பது போன்ற விளம்பரத்தைக் கணனி தயாரித்துக் கொடுத்தது. நமக்கு ஷாருக்கான் கிடைக்கமாட்டார். ஆனால் தோட்டத்து மக்களுக்குத் தெரிந்த முகம் உங்களுடையதுதானே? வார்ப்பில் அதைப் போடுங்கள். இரவல் படங்களைப் போட்டால் பண்டாரவளைக் கடையும் உங்கள் கடையும் ஒன்றுபோலவே தெரியும்.

ஒரே வார்ப்பில் எழுத்தை மாற்றித் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடலாம். சுற்றுலாப் பயணிகளுக்காக ஆங்கிலத்திலும் ஒன்று. தமிழை யுனிகோடில் தட்டச்சுச் செய்யுங்கள். பாமினியில் அடித்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகள்தான் தாறுமாறாக வந்து நிற்கும்.

எனக்குள்ள பெரிய பயம் விலையைப் பற்றியது. போன பெருநாள் வார்ப்பை எடுத்து, படத்தை மாற்றி, விலையை மாற்ற மறந்து அனுப்பிவிடுவது மிக எளிது. சரியான விலையைப் போட்டாலும், வட்ஸ்அப்பில் போன வீடியோ மாதக்கணக்கில் சுற்றும். 2022இல் பொருள் விலை நாளுக்கு நாள் ஏறியதை நாம் மறக்கவில்லை. பழைய வீடியோவைக் காட்டி, கொஸ்லந்தையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர் அதே விலைக்குக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. "டெம்ப்ளேட்டில் பழைய விலை கிடந்துவிட்டது" என்ற பதில் அங்கு எடுபடுமா?

ஆகவே "இந்த விலை இன்ன திகதி வரை" என்ற வரிக்கு வார்ப்பிலேயே நிரந்தர இடம் ஒதுக்குங்கள். வீடியோவைக் கடைப் பையன் செய்யட்டும். அனுப்புமுன் விலையையும் திகதியையும் முதலாளியே ஒரு தடவை வாசித்துப் பார்க்கட்டும். அதற்கு அரை நிமிடம் போதும்.