கட்டளை தெரிந்தால் போதுமா?

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ மீக்கணினி திறந்துவைக்கப்பட்டது. திறன் 838 டெராஃப்ளாப். 2015-இல் தொடங்கிய தேசிய மீக்கணினித் திட்டம், சென்னை உள்ளிட்ட ஐ.ஐ.டி.களில் பயிற்சி மையங்களையும் அமைத்தது. நல்ல காரியம். ஆனால், பயிற்சி என்றாலே நிரலாக்கம்தான் நம் நினைவுக்கு வருகிறது.

உதாரணமாக, ஒரு மீக்கணினி மையத்தில் ஓர் ஆய்வு மாணவர் தன் கணக்கீட்டை, வரிசையில் போடாமல் எல்லோரும் உள்நுழையும் கணினியிலேயே ஓடவிடுகிறார். மற்றவர்களுக்கு ஒரு கோப்பைத் திறக்கவே நேரமாகிறது. மீக்கணினியைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இளைஞர் அந்தக் கணக்கீட்டை நிறுத்தியாக வேண்டும். அதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். பிறகு கோபமாகப் பேசும் பேராசிரியருக்குக் காரணத்தை விளக்கவும், அந்த மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருளில் வேலை கொடுப்பது எப்படி என்று காட்டவும் அந்த இளைஞருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

எங்கள் புதுச்சேரி உப்பளத்துப் பிள்ளைகளும் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலோ சென்னையிலோ இந்த வேலைக்குப் போகலாம். பேசவும், தெளிவாக மின்னஞ்சல் எழுதவும், செய்த மாற்றத்தை அடுத்தவருக்குப் புரியும்படி பதிந்துவைக்கவும் முதல் ஆண்டிலேயே, சம்பள நேரத்திலேயே, நிறுவனங்கள் பயிற்சி தர வேண்டும். இந்த ஊழியர்களின் உழைப்பில் வந்த ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.