கொப்பி நனைந்தது, கணினி பேசவில்லை

ஆசிரியருக்கு,

சென்ற மழையில் கூரை ஒழுகி அம்மாவின் கிளினிக் கொப்பி நனைந்துவிட்டது. பத்து வருடச் சீனி, பிரஷர் கணக்கெல்லாம் நீல மையாய்க் கரைந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கணினியில் பதிகிறார்களே, அதிலிருந்து ஒரு பிரதி தாருங்கள் என்று அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் கேட்டேன். "இருக்கு, ஆனா வெளியில தர ஏலாது" என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணினியின் திரை வரிசையைப் பார்த்தபடி இருந்தது. எங்களுக்குப் பின்னால் நின்றவர் அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவை எனக்கு முன்பே வாசித்துவிட்டார்!

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதாக வகுத்து, தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையையும் தருகிறது. ஆனால் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் கடைசி நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டன. தரவுப் பாதுகாப்புக்கு அவசரமில்லை என்று நினைக்க, 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் கோப்புகள் அரச கணினிச் சேமிப்பகத்திலிருந்து அழிந்துபோனதை அதற்குள் மறந்துவிட்டோமா?

சுகாதார அமைச்சு பெரிய திட்டங்களோடு சின்ன வேலை இரண்டையும் கவனிக்கட்டும். திரையை உட்பக்கமாகத் திருப்பி வைக்கலாம். நோயாளி கேட்டால் அவரது பதிவை அவருக்கு விளங்கும் மொழியில் அச்சிட்டுக் கொடுக்கலாம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும்.

வாசகி ஒருவர்,
பலாபத்வல.