வருண ஜெபமும் பூமியின் சுழற்சியும்

மழை வருண பகவான் கொடுப்பதென்றும், யாகஞ் செய்தால் பெய்யுமென்றும் இன்னமும் சொல்லப்பட்டு வருகின்றது. 2019-ம் வருஷத்து வறட்சியில் தமிழ்நாட்டு அறநிலையத் துறையே கோவில்களில் மழைக்காக யாகஞ் செய்யும்படி சுற்றறிக்கை அனுப்பிற்று.

தோழர்களே! மழையின் இரகசியம் என்ன? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழலுகின்றது. ஆகவேதான் தெற்கேயிருந்து பூமத்திய ரேகையைத் தாண்டி வரும் காற்று வலப்புறமாகத் திரும்பித் தென்மேற்குப் பருவக் காற்றாகின்றது.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து மாக்ஸ் பிளாங்க் வானிலை ஆராய்ச்சி நிலையத்தார், பூமி எதிர்ப்புறமாகச் சுழன்றால் என்னவாகுமென்று கணினியில் கணக்கிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். மலையும் நிலமும் சூரியனும் இருந்தபடியே இருக்க, சகாரா பச்சை பிடித்தது. தென் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் பாலைவனம் தோன்றிற்று. மேற்கு ஐரோப்பா குளிரில் விறைத்தது. உலகப் பாலைவனப் பரப்பு 420 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 310 லட்சமாகக் குறைந்தது.

இதில் வருணனுக்கு என்ன வேலை என்று கேட்கின்றோம். பிரேசிலில் இன்று பெய்யும் மழைக்கு எந்தப் புரோகிதர் தண்ணீரில் நின்று ஜெபித்தார்? நெருப்பில் கொட்டும் நெய்ப் பணத்தில் ஊர் ஏரியைத் தூர் வாரினாலாவது பெய்த மழை தங்கும். மந்திரத்தால் மழையை வரவழைப்பவர்கள் முதலில் பூமியை ஒரே ஒரு நாள் திருப்பிச் சுற்ற வைத்துக் காட்டட்டும்!