வேன் வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

சரக்கு எடுக்கச் சொந்த வேன் வாங்க வேண்டும் என்றால் நம் வணிகர்களில் பலர் யோசிக்காமல் சொல்வது "டீசல் வண்டிதான் லாபம்" என்பதே. ஒரு காலத்தில் அது சரி. 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய் விற்றபோது டீசல் 41 ரூபாய்தான். ஆனால் 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன்பின் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் டீசல் எஞ்சினின் விலையும் ஏறியது. குட்டி யானை வண்டியே இன்று பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் கிடைக்கிறது.

கடையில் ஒரு மூட்டைக்கு அடக்கவிலை பார்க்கும் நாம், வண்டிக்கு மட்டும் ஏன் பார்ப்பதில்லை? உதாரணத்திற்கு, பெட்ரோல் 100 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர். டீசல் 92 ரூபாய், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு டீசலில் சுமார் 2 ரூபாய் மிச்சம். டீசல் வண்டியின் விலை 75,000 ரூபாய் கூடுதல் என்றால், நாளுக்கு 30 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடும் மளிகைக் கடைக்காரருக்கு மிச்சம் 18,000 ரூபாய்தான். போட்ட பணம் திரும்ப நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். தவணை வட்டி தனி. நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓடும் மொத்த வியாபாரிக்கோ பதினைந்தே மாதத்தில் திரும்பிவிடும். ஆகவே எது லாபம் என்பதை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. நமது ஓட்டமே தீர்மானிக்கிறது.

இன்னொன்று. புதிய டீசல் வண்டிகள் பலவற்றின் புகைக்குழாயில் கரி வடிகட்டி உண்டு. எஞ்சின் சூடேறுமுன் நின்று நின்று ஓடும் கடைத்தெரு ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும், செலவும் வைக்கும்.

சி.என்.ஜி.யில் எரிபொருள் செலவு குறைவுதான். ஆனால் வழியில் பங்க் இருக்கிறதா, வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காலையில் மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய வண்டி பங்க்கில் நின்றால் வியாபாரம் கெடும். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்புவதும் கட்டாயம். வெளியில் கிட் பொருத்தினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்யாமல் ஓட்டாதீர்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணம் சிக்கலாகும். வீட்டு கேஸ் சிலிண்டரை வண்டியில் மாட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் உள்ளது. அது சட்டவிரோதம் மட்டுமல்ல, ஓட்டுபவரின் உயிரோடு விளையாடுவது. சிக்கனத்தின் பெயரால் இதை யாரும் செய்யக்கூடாது என வலியுறுத்துகிறோம்.

உள்ளூரிலேயே சுற்றும் சிறுகடைக்கு பெட்ரோல். பங்க் அருகில் இருந்தால் சி.என்.ஜி.; நீண்ட தூரமும் கனத்த பாரமும் இருந்தால் டீசல். இதுவே நமது கருத்து. கடன் கொடுப்பவரும் விற்பவரும் சொல்லும் கணக்கு அவர்களுக்கானது. ஒரு மாதம் வாடகை வண்டியின் ஓட்டத்தை நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டைவிட நல்ல ஆலோசகர் வேறில்லை.