எந்தக் கிற்றார் நல்லது?

"அக்கா, எந்தக் கம்பனிட கிற்றார் நல்லம்?" என்று எங்கள் தேற்றாத்தீவில் ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டார். அவர் படுவான்கரையில் பிறந்தவர். 2007இல் சண்டை அந்தப் பக்கம் வந்தபோது, உடுத்த உடுப்போடு எழுவான்கரைக்கு வந்து சேர்ந்தவர். கணவர் இல்லை. இடது கையின் மோதிரவிரல் ஷெல் காயத்துக்குப் பிறகு சரியாக மடங்குவதில்லை. சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்தவர். இப்போது வெற்றிலைத் தோட்டத்தில் வேலை செய்து, சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் தனக்கென்று ஒன்று வாங்க நினைக்கிறார். "புருசன் இல்லாதவளுக்குக் கிற்றார் ஒரு கேடா?" என்று சொந்தக்காரர் கேட்கிறார்களாம். வாங்கிய சாமான் பிழைத்துப் போனால் அந்த ஏச்சு இரண்டு மடங்காகும். ஆகவே அவருடைய கேள்வி சின்னக் கேள்வி அல்ல.

பல வருடம் பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இந்த மாதம் எழுதுகிறேன். பிள்ளைக்கு வாங்க நினைக்கும் தாய்மாருக்கும் இது உதவும்.

முதலில் ஒன்று. கிற்றார் நமக்குப் புதுச்சாமான் இல்லை. மட்டக்களப்பு நகரத்துப் பறங்கிய மக்களின் கலியாண வீடுகளில் வயலின், கிற்றார், றபான் சேர்ந்த கப்ரிஞ்ஞா ஆட்டம் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. ஆகவே, "இது நமக்கு எதுக்கு?" என்ற பேச்சை ஒருபக்கம் வைத்துவிடுவோம்.

உலகத்தில் கிற்றார் தெரிந்தவர்கள் அதிகம் வாதாடுவது இரண்டு அமெரிக்கக் கம்பனிகளைப் பற்றி. ஒன்று மார்ட்டின். ஜெர்மனியில் இருந்து போன ஒரு தச்சுக் குடும்பத்தவர் 1833இல் தொடங்கியது. மற்றது கிப்சன். 1902இல் கலமசூ என்ற ஊரில் தொடங்கியது. இந்த இரண்டும் நம் கைக்கு எட்டாத விலை. ஆனால் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தக் கிற்றாரிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்று விளங்கிவிடும்.

மார்ட்டினின் டி-18, கிப்சனின் ஜே-45 என்ற இரண்டு வகைகளை எடுப்போம். இரண்டுக்கும் முகப்புப் பலகை ஸ்புரூஸ் மரம். முதுகும் பக்கமும் மஹோகனி. மரம் ஒன்றாக இருந்தும் சத்தம் வேறு. மார்ட்டினில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, தெளிவாகக் கேட்கும். கிப்சனில் சத்தம் கொஞ்சம் வறண்டு, சூடாக, நடுச்சுருதி தூக்கலாக வரும். பாடுபவரின் குரலுக்குப் பின்னால் அது நன்றாக ஒட்டும் என்பார்கள்.

இதற்கு ஒரு காரணம் கம்பியின் நீளம். மார்ட்டினில் அதிரும் கம்பி சுமார் 645 மில்லிமீற்றர். கிப்சனில் சுமார் 628. வித்தியாசம் இரண்டு சென்ரிமீற்றரும் இல்லை. ஆனால் ஒரே தடிப்புள்ள கம்பியை ஒரே சுருதிக்குக் கூட்டினால், நீளமானதில் இழுவிசை சுமார் 5 சதவீதம் கூடும். விரல் அவ்வளவு கூட அழுத்த வேண்டும். ஒரு பாட்டுக்கு அது தெரியாது. ஒரு மணித்தியாலம் வாசித்தால் கை சொல்லும். காயப்பட்ட கை முதலிலேயே சொல்லிவிடும்.

இனி வேலைத் தரம். இங்கேதான் நாம் அறிய வேண்டிய ஒரு கதை இருக்கிறது. ஜே-45 வெளிவந்தது 1942இல், இரண்டாம் உலகப் போருக்குள். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். உலோகத்துக்குக் கட்டுப்பாடு. மார்ட்டின் கம்பனி கழுத்துக்குள் வைக்கும் உருக்குச் சட்டத்துக்குப் பதிலாகக் கருங்காலியை வைத்தது. கிப்சன் சில கிற்றார்களில் உள்ளே கம்பியே வைக்காமல் கழுத்தைத் தடிப்பாகச் செய்தது. கிப்சன் தொழிற்சாலையில் அந்தக் கிற்றார்களைச் செய்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். அதற்கு முன் தச்சுப் பட்டறைப் பக்கமே போகாத பலர் அவர்களில் இருந்தார்கள்.

"போர்க்காலத்தில் நாங்கள் கிற்றார் செய்யவில்லை, போருக்கான சாமான்களைத்தான் செய்தோம்" என்பதே கம்பனி வெளியில் சொல்லிவந்த கதை. பல வருடங்களுக்குப் பிறகு ஜோன் தோமஸ் என்ற சட்டப் பேராசிரியர், தொழிற்சாலை வாசலில் பெண்கள் வரிசையாக நிற்கும் 1944ஆம் ஆண்டுப் படம் ஒன்றை வைத்துத் தேடினார். அப்போதும் உயிரோடு இருந்த பல பெண்களைக் கண்டுபிடித்தார். கணக்கேடுகளைப் பார்த்து, அந்த வருடங்களில் ஏறக்குறைய 25,000 கிற்றார்கள் வெளியே போயிருக்கின்றன என்று எழுதினார். கிற்றார்களை எக்ஸ்-கதிர் படமும் எடுத்தார். போருக்கு முன்பும் பின்பும் செய்தவற்றை விட இவற்றின் உட்பாகங்கள் நுணுக்கமாக இழைக்கப்பட்டிருந்தன என்பது அவருடைய முடிவு. இன்று பழைய கிற்றார் சேர்ப்பவர்கள் பெரிய விலை கொடுத்துத் தேடுவது இந்தப் போர்க்காலக் கிற்றார்களை.

அந்தக் கிற்றார்களின் தலைப்பகுதியில் "கிப்சன் மட்டுமே தகுதியானது" என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. கம்பனியின் பெயர் இருந்தது. செய்த பெண்களின் பெயர் இல்லை. தோழிகளே, பன்பாய் இழைத்து, வலை பின்னி, கைத்தறி நெய்து, வேறு பெயர் ஒட்டி விற்கப்படுவதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தக் கம்பனி என்று கேட்பதற்கு முதல், வேலை எப்படி என்று கேளுங்கள். ஒரே கம்பனியில் கூட ஒரு வருடத்தில் செய்தது போல இன்னொரு வருடத்தில் செய்தது இருப்பதில்லை.

சரி, நம் ஊர்க் கடைக்கு வருவோம். இங்கு பலரும் சொல்லும் பெயர் யமஹா. அதில் எஃப்310 என்பது உருக்குக் கம்பிக் கிற்றார். கம்பி நீளம் 634 மில்லிமீற்றர். மேலே சொன்ன இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கழுத்தின் மேல்முனை அகலம் 43 மில்லிமீற்றர். சி40 என்பது நைலோன் கம்பிக் கிற்றார். நீளம் 650, அகலம் 52. நைலோன் விரலை வெட்டாது, மெதுவாக அழுத்தினால் போதும். ஆனால் கழுத்து அகலம் என்பதால் சின்னக் கைக்கு எட்டிப் பிடிப்பது கஷ்டம். இவை தவிர, விலை குறைந்த பல பெயர்களும் கடையில் தொங்கும். 2022 நெருக்கடிக்குப் பிறகு விலை ஏறியதால், பாவித்த கிற்றார் வாங்குபவர்களும் கூடிவிட்டார்கள். எதை வாங்கினாலும் இவற்றைப் பாருங்கள்.

ஒன்று: ஒரு அடிமட்டம் கொண்டு போங்கள். 12ஆவது மெட்டுக்கு மேலே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளவுங்கள். உருக்குக் கம்பிக்கு 2 முதல் இரண்டரை மில்லிமீற்றர் நல்லது. 3ஐத் தாண்டினால் விரல் நோகும். நைலோனுக்கு 3 முதல் 4 வரை இருக்கலாம்.

இரண்டு: துப்பாக்கி பிடிப்பது போல என்று சொல்வார்கள், எனக்கு அந்த உவமை பிடிக்காது. தச்சன் பலகையை ஒரு கண்ணால் பார்ப்பது போலக் கழுத்தைப் பாருங்கள். முறுகி இருந்தால் வேண்டாம்.

மூன்று: கம்பியின் அடிமுனையைத் தாங்கும் கட்டைக்குக் கீழே ஒரு கடதாசித் துண்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் கட்டை கழன்று வருகிறது என்று அர்த்தம்.

நான்கு: ஒரு கம்பியைத் திறந்தபடி தட்டுங்கள். பிறகு 12ஆவது மெட்டில் அழுத்தித் தட்டுங்கள். அதே சுரம் மேல்ஸ்தாயியில் வர வேண்டும். விலகி வந்தால் பாட்டுக்கு ஒத்து வராது.

ஐந்து: சத்த ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடு விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் முழுப்பலகை. அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. முழுப்பலகையில் சத்தம் விரிந்து வரும், பழகப் பழக நன்றாகும். ஆனால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, மார்கழி மழை என்று இருக்கும் நம் ஊரில் மரம் ஊதிச் சுருங்கும். ஒட்டுப்பலகை அதைத் தாங்கும். விலைகுறைந்த ஒட்டுப்பலகைக் கிற்றார் வாங்குவது வெட்கம் இல்லை.

உப்புக் காற்றில் கம்பி கெதியாகத் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த சீலையால் துடையுங்கள். சீமெந்துச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். நைலோன் கிற்றாருக்கு உருக்குக் கம்பி போடவே கூடாது. அந்த இழுவையில் கட்டை பிய்ந்து வந்துவிடும்.

கை பழுதானவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்சில் வாழ்ந்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கலைஞருக்கு 1928இல் வண்டில் வீடு தீப்பற்றி, இடது கையின் இரண்டு விரல்கள் பழுதாகின. மிச்சமிருந்த விரல்களுக்கு ஏற்றபடி வாசிப்பையே புதிதாக அமைத்து உலகப் புகழ் பெற்றார். நமக்குப் புகழ் வேண்டாம், வாசிக்க முடிந்தால் போதும். 0.010 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய கம்பி செட் போடுங்கள். அரைச் சுருதி இறக்கிக் கூட்டுங்கள். இழுவை இன்னும் குறையும். இடது கை முற்றாக முடியாது என்றால், திருத்துபவரிடம் கொடுத்துக் கம்பிகளை மாற்றிக் கட்டி, வலது கையால் அழுத்தலாம்.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னதும் இதுதான். மோதிரவிரலைத் தவிர்த்து மூன்று விரலால் பிடிக்கக்கூடிய சுரக்கட்டுகள் போதுமான அளவு இருக்கின்றன, நைலோனையும் மெல்லிய உருக்குக் கம்பியையும் இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்து முடிவெடுங்கள் என்றேன். தகுமா தகாதா என்று ஊர் கேட்ட கேள்விக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. உழைத்த காசு அவருடையது, கையும் அவருடையது.

கடைக்காரர் அவசரப்படுத்தினால் அவசரப்படாதீர்கள். இருந்து வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கிற்றாரையும் கேளுங்கள். கண்ணை மூடினால் தலையில் எழுதிய பெயர் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். அடுத்த மாதம் சுருதி கூட்டுவது எப்படி என்று பார்ப்போம்.