சாவியைக் கைமாற்றுங்கள், தோழர்களே!

இந்த ஆண்டு புதிதாக ஒரு தளமும் தொடங்காதீர்கள். புதுச் செயலி வேண்டாம், புது இலச்சினை வேண்டாம், தொடக்க விழாவும் வேண்டாம். ஏற்கெனவே நம் கையில் இருப்பவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உடனே வேண்டும்.

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள், பிழைப்புக்கான வேலை முடிந்த பிறகு கிடைத்த நேரத்தில், பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அரசுப் பணம் கிடையாது, வணிக நிறுவனத்தின் ஆதரவும் கிடையாது. முதல் எண் திருக்குறளுக்கு. பிறகு சங்க நூல்கள், காப்பியங்கள், திருமுறைகள், சிற்றிலக்கியங்கள், பாரதி, கல்கி என்று நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தன. இன்று பேருந்தில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் ஒரு புறநானூற்று வரியைத் தேடிப் பிடிக்கிற மாணவி, அறிந்தோ அறியாமலோ அந்த உழைப்பின்மேல்தான் விரலை வைக்கிறாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று முப்பது வயதில் தட்டச்சுக்கு உட்கார்ந்தவருக்கு இன்று அறுபது நெருங்குகிறது. நாற்பதில் வந்தவர் எழுபதைத் தொடப் போகிறார். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. 2005-இல் ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கும் நூலகம் திட்டம் வந்தது. இவற்றுக்கு அக்கம்பக்கமாக ஊர்வரலாறு, நாட்டார் பாடல், சிற்றிதழ்த் தொகுப்பு, சித்த மருத்துவச் சுவடி என்று எத்தனையோ சிறு தளங்களைத் தனி ஆள்கள் தங்கள் சம்பளத்திலிருந்து நடத்தி வருகிறார்கள். பெரிய திட்டங்களுக்காவது அறக்கட்டளையோ ஒரு குழுவோ உண்டு. இந்தச் சிறு தளங்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஒரு தளம் எப்படிச் சாகிறது என்று தெரியுமா? யாரும் அழிப்பதில்லை. டொமைன் ஒருவர் பெயரில் இருக்கிறது. அதற்குக் கொடுத்திருந்த கடன் அட்டை காலாவதியாகிவிட்டது. நினைவூட்டல் மின்னஞ்சல் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அவர் பழைய அலுவலகத்தில் வைத்திருந்த முகவரிக்கு. புதுக் கடவுச்சொல் கேட்டால் ஓடிபி வேறு நாட்டில் விட்டுவந்த சிம்முக்குப் போகிறது. தவணை முடிந்த பிறகு கொஞ்ச நாள் சலுகை கொடுப்பார்கள். அதுவும் போனால் வழக்கமாக முப்பது நாள் மீட்புக்காலம், அதற்குக் கட்டணம் பல மடங்கு. அதையும் தவறவிட்டால் அந்தப் பெயரை யாரும் வாங்கலாம். இருபது ஆண்டுக் காலம் ஆய்வேடுகளில் அடிக்குறிப்பாக வந்த முகவரியைச் சொடுக்கினால் சூதாட்ட விளம்பரம் திறக்கிறது. இப்படிப் போன பெயர்களைத் திரும்ப வாங்கும் வசதி நம்மிடம் இல்லை.

இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை என்பவர்கள் ஜியோசிட்டீசை நினைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் இறுதியில் எத்தனை தமிழ்ப் பக்கங்கள் அங்கே குடியிருந்தன! 2009 அக்டோபரில் யாகூ அதை மூடியது. ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டார்கள், அறிவிப்பைப் படிக்கவேண்டியவர்களில் பலர் அந்தப் பக்கங்களை எப்போதோ மறந்திருந்தார்கள். பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணகம் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்களா? அதன் பணிக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் 2024 அக்டோபரில் அதுவே தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள் முடங்கியது. அடுத்த வீட்டுக் கிணற்றை நம்பித் தன் கிணற்றைத் தூர்த்துவிட முடியாது.

ஆகவே முதல் வேலை, சாவி. டொமைன், வழங்கி, தரவுத்தளம், மின்னஞ்சல் ஆகிய எல்லாவற்றுக்குமான அனுமதி குறைந்தது மூன்று பேரிடம் இருக்கவேண்டும். மூவரும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது, ஒரே தலைமுறையாகவும் இருக்கக்கூடாது.

இதைச் சொல்வது எளிது, கேட்பதுதான் சங்கடம். எழுபது வயதுக்காரரிடம் போய்க் கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்றால், உயில் எழுதுங்கள் என்பதுபோல் அவர் காதில் விழும். இளந்தோழர்களே, ‘ஐயா, உங்களுக்குப் பிறகு யார்?’ என்று ஒருபோதும் தொடங்காதீர்கள். ‘இந்த மாதப் பேக்கப்பை நான் எடுக்கட்டுமா?’ என்று கேளுங்கள். இரண்டு மாதம் சரியாக எடுத்துக் கொடுங்கள். மூன்றாவது மாதம் அவரே கூப்பிடுவார். மூத்த தோழர்களே, உங்களிடமும் ஒன்று. உதவிக்கு வந்து நிற்கும் பிள்ளை பதவி கேட்டு வரவில்லை. இந்த வேலையில் பதவி என்று ஒன்று எங்கே இருக்கிறது, பிடுங்குவதற்கு? அவன் கேட்கும் கேள்விகள் சில நேரம் துடுக்காக இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் நீங்களும் ‘அச்சுப் புத்தகம் இருக்கும்போது இது எதற்கு?’ என்றவர்களிடம் துடுக்காகத்தான் பேசினீர்கள்.

இரண்டாவது, தளத்தின் உடம்பு. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பிஎச்பியில் எழுதிய தளங்கள் நம்மிடம் நிறைய. பிஎச்பி 5.6-க்கான ஆதரவு 2018-உடன் முடிந்தது, 7.4-க்கு 2022 நவம்பரில். வழங்கி நிறுவனம் ஒரு நாள் பழைய பதிப்பை எடுத்துவிட்டால் மறுநாள் காலை வெள்ளைத் திரைதான். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் 90 நாளில் முடியும். முன்பெல்லாம் காலாவதி நெருங்கினால் மின்னஞ்சல் வரும். 2025 ஜூனில் அதையும் நிறுத்திவிட்டார்கள். தானாகப் புதுப்பிக்கும் நிரல் எங்கோ நின்றுபோனால் சொல்ல ஆளில்லை. வாசகர் திரையில் ‘இந்தத் தளம் பாதுகாப்பற்றது’ என்று வரும், அவர் திரும்பிப் போய்விடுவார். போதாததற்கு, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனி திரட்டும் தானியங்கிகள் இரவு பகலாக வந்து பக்கங்களை இழுக்கின்றன. விக்கிமீடியாவே தன் வழங்கிகளுக்கு இது பெருஞ்சுமை என்று 2025-இல் வெளிப்படையாகச் சொன்னது. மாதம் சில நூறு ரூபாய் வழங்கியில் ஓடும் நம் தளம் எம்மாத்திரம்?

இந்த இடத்தில் மதுரைத் திட்டத்தின் பழைய பாணிப் பக்கங்களுக்கு ஒரு வணக்கம் வைக்கத் தோன்றுகிறது. வெறும் எச்டிஎம்எல் கோப்பு. தரவுத்தளம் வேண்டாம், மேம்படுத்தல் வேண்டாம், எந்த வழங்கியில் தூக்கிப் போட்டாலும் திறக்கும். அழகில்லை என்று நம் வடிவமைப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். அழகுபடுத்தப் புகுந்தவர்கள் முகவரிகளையெல்லாம் மாற்றி, முனைவர் பட்ட ஆய்வேடுகளில் இருக்கும் சுட்டிகளை ஒரே இரவில் ஊமையாக்கியதைப் பல தளங்களில் பார்த்துவிட்டோம். கைவைக்கிறவர்கள் கவனியுங்கள்: பழைய முகவரி ஒன்றுகூட இறக்கக்கூடாது. உங்கள் தளம் இயங்குநிலைத் தளமாக இருந்தால், அதன் பக்கங்களை நிலையான கோப்புகளாக எடுத்து வைக்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள்.

மூன்றாவது வேலையில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது, ஏனென்றால் அங்கே அழுகல் கண்ணுக்குத் தெரியாது.

ஒருங்குறிக்கு முன்னால் தமிழ் எத்தனை குறியாக்கங்களில் சிதறிக் கிடந்தது என்பது இருபது வயதுத் தோழர்களுக்குக் கதையாகத்தான் தெரியும். எழுத்துரு நிறுவனத்துக்கு ஒரு குறியாக்கம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்க் கணிமை மாநாட்டையொட்டி தாம், தாப் குறியாக்கங்கள் வந்தன. ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய திஸ்கி வந்தது. பின்னர் எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றி நிரல்கள் பெரும்பணி செய்தன. பிழைகளையும் விட்டுச் சென்றன. திஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண் பார்க்கும் வரிசையில் பதிவாகும். ஒருங்குறியில் ‘க’ முன்னால் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். மாற்றும்போது ஒரு கொம்பு இடறினால் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதையாவது கண்டுபிடித்துவிடலாம். ‘கௌரவம்’ என்ற சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’வும் போட்டு ‘கெளரவம்’ என்று அடித்திருப்பதை எந்தக் கண் கண்டுபிடிக்கும்? ‘ஔவையார்’ என்று தேடுகிறீர்கள். கோப்பில் ‘ஒ’வும் ‘ள’வுமாக ‘ஒளவையார்’ இருக்கிறாள். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும்; தேடுபொறிக்கு அவள் வேறு கிழவி. நூல் இருக்கிறது, தேடினால் கிடைக்காது. இல்லாத நூலுக்கும் இதற்கும் வாசகரைப் பொறுத்தவரை என்ன வேறுபாடு?

இதை நிரல் எழுதித் திருத்திவிடலாம் என்று உடனே ஒருவர் கை தூக்குவார். பாதி திருத்தலாம். மறுபாதியில் ‘தெளிவு’, ‘வெள்ளம்’ எல்லாவற்றிலும் நிரல் புகுந்து விளையாடிவிடும். ஆள் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

பழைய நூல்களைச் சேர்க்கும் விக்கிமூலத்திலும் ஆள்தான் வேண்டும். அங்கே மின்வருடிய பக்கங்களுக்கு நிறம் உண்டு. சிவப்பு என்றால் யாரும் மெய்ப்பு பார்க்கவில்லை; மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்துவிட்டார்; பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்துவிட்டார். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. வேறொருவர் வந்தே ஆகவேண்டும். நாட்டுடைமை நூல்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களாக இன்னும் சிவப்பில் கிடக்கின்றன. எழுத்துணரி படித்துக் கொடுத்த பாடம் அவற்றில் இருக்கிறது, ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் தும்பிக்கை வைத்த ‘லை’யும் ‘னை’யும் வந்தால் அதற்குத் தடுமாற்றம்தான். இருபது வயதுத் தோழருக்கும் அதே தடுமாற்றம். ஆனால் ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் பள்ளியில் அந்த எழுத்தில்தான் படித்தார்கள்! ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களே, அச்சக மெய்ப்பாளர்களே, நூலகர்களே, கணினி தெரியாது என்று ஒதுங்காதீர்கள். கணினியைப் பேரப்பிள்ளை பார்த்துக்கொள்வான். அவனுக்கு இல்லாத கண் உங்களிடம் இருக்கிறது.

அரசு செய்யட்டுமே என்ற குரலும் கேட்கிறது. அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் பெரும் மின்னூலகம் வைத்திருக்கிறது, நல்லது. வரி கட்டுகிற நாம் அதைக் கேட்டு வாங்கவேண்டும், குறை இருந்தால் சண்டையும் போடவேண்டும். ஆனால் ஒரே கிடங்கில் எல்லாவற்றையும் வைக்கும் யோசனைக்கு நான் எதிரி. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தபோது, வேறெங்கும் படி இல்லாதவை முற்றாகப் போயின. அதைப் பார்த்த சமூகம் நாம். படி எடுத்தே ஆகவேண்டும்.

படி எடுக்க யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மதுரைத் திட்டக் கோப்பு ஒவ்வொன்றின் தலைப்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்பு பார்த்தவர் யார் என்று பெயர்கள் இருக்கும். அந்தத் தலைப்பக்கத்தை நீக்காமல் எவரும் எங்கும் இலவசமாகப் பரப்பலாம் என்ற அனுமதியும் அங்கேயே இருக்கும். எத்தனையோ பேர் அந்தப் பெயர்களை வெட்டிவிட்டுப் பாடத்தை மட்டும் தங்கள் செயலியில் ஒட்டி, விளம்பரக் காசு பார்க்கிறார்கள். நாம் அதைச் செய்யக்கூடாது. எடுங்கள், பெயரோடு எடுங்கள், மூன்று படியாக வையுங்கள். ஒன்று வழங்கியில், ஒன்று வீட்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறு ஊரில். வைத்ததோடு விடாதீர்கள். ஆண்டுக்கு இரு முறையாவது திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

பணம் பற்றிக் கேட்பீர்கள். தேவைதான், ஆனால் பெரிய தொகை இல்லை. ஒரு சிறு தளத்துக்கு ஆண்டுக்கு ஆகும் செலவை நாலு பேர் டீக்காசில் பங்கு போடலாம். பணம் கொடுக்க ஆள் கிடைத்துவிடுகிறார்கள், புதுப்பிக்கும் தேதியை நினைவு வைத்திருக்கத்தான் ஆளில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு. நீங்கள் அடிக்கடி போகும் தளம் எதுவோ, அதை நடத்துகிறவரைக் கூப்பிடுங்கள். நலம் விசாரியுங்கள். பிறகு மூன்று கேள்வி: டொமைன் எந்தத் தேதியில் முடிகிறது, எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, கடைசி பேக்கப் எப்போது எடுத்தது? விடைகளைக் காகிதத்தில் எழுதுங்கள். உங்களோடு சேர்ந்து பார்த்துக்கொள்ள இன்னும் இருவரைப் பிடியுங்கள், அதில் ஒருவராவது முப்பதுக்குக் கீழே இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே மூன்று கைப்பேசியிலும் அலாரம் வையுங்கள். அவர் போனை எடுக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடி கூப்பிடுங்கள். அதற்கும் எடுக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். அன்று இரவே அந்தத் தளத்தை முழுவதுமாகத் தரவிறக்கத் தொடங்குங்கள்.